டிஸ்ஸிங்டன் கிணற்று அலங்காரம்: வியாழன் போனால் விருந்து, புதன் போனால் சருகு

இங்கிலாந்தின் டெர்பிஷைரில், ஆஷ்போர்ன் என்ற சிறு நகருக்கு வடக்கே நான்கு மைல் தள்ளி டிஸ்ஸிங்டன் இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர். சுண்ணாம்புக்கல் வீடுகள், ஒரு வாத்துக் குளம், மேட்டில் ஒரு பழைய தேவாலயம், 1609இல் கட்டிய ஒரு ஜமீன் மாளிகை. வருடத்தில் ஐம்பத்தோரு வாரம் அவ்வளவுதான். மிச்சமிருக்கும் ஒரு வாரம் ஊரின் ஆறு ஊற்றுகளுக்கும் பூவிதழால் ஆன பெரிய படங்களைச் சார்த்தி வைக்கிறார்கள். அதற்குப் பெயர் வெல் டிரெஸ்ஸிங், கிணற்று அலங்காரம். ஆனால் கயிறும் ராட்டினமும் வைத்த கிணறுகளைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். இவை நிலத்திலிருந்து தானாக வழியும் ஊற்றுகள். கல் வளைவும் தொட்டியும் கட்டி விட்டிருக்கிறார்கள்.

பார்க்கக் கட்டணம் கிடையாது. ஊற்றுகளுக்குப் பக்கத்தில் உண்டியல் இருக்கும், மனம் இருந்தால் போடலாம். ஆனாலும் பெட்ரோல், வண்டி நிறுத்தும் காசு, ஒரு நாள் விடுப்பு என்று செலவு உண்டு. அதற்குத் தகுந்த சரக்கு இருக்கிறதா? இருக்கிறது, சரியான நாளில் போனால். தவறான நாளில் போனவர்கள்தான் "வாடின பூவைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்று எழுதுகிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய் இல்லை.

எந்த நாள்

தேதி ஈஸ்டரைப் பிடித்துக்கொண்டு நகரும். ஈஸ்டர் ஞாயிறையும் சேர்த்து எண்ணினால் நாற்பதாம் நாள் விண்ணேற்றத் திருநாள், எப்போதும் வியாழக்கிழமை. அன்று காலை அலங்காரம் திறக்கும், அடுத்த புதன்வரை நிற்கும். 2025இல் அந்த வியாழன் மே 29. 2026இல் மே 14. காலண்டரில் மிக முன்னால் வந்தால் ஏப்ரல் 30, மிகப் பின்னால் போனால் ஜூன் 3. "மே மாதக் கடைசி வாரம்" என்று யாரோ சொன்னதை நம்பி, ஈஸ்டர் தேதியைப் பார்க்காமல் அறை பதிவு செய்துவிடாதீர்கள்.

வெறும் படத்தை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை காலை. இதழ் இன்னும் பளபளப்பாக இருக்கும், முதல் நாள் கூட்டம் போயிருக்கும், வார இறுதிக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. விழாவையும் பார்க்க வேண்டுமென்றால் வியாழன் காலை. புனித மேரி தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் குருமார், பாடகர் குழு, ஊரார் எல்லோரும் ஊர்வலமாக இறங்கி ஒவ்வொரு ஊற்றாகப் போவார்கள். ஒவ்வோர் ஊற்றடியிலும் வேத வாசிப்பு, ஒரு செபம், ஒரு பாட்டு, ஆசி. ஆறு இடத்திலும் கூடவே போனால்தான் இது சுற்றுலாக் காட்சி அல்ல, ஊரின் சொந்தக் காரியம் என்பது விளங்கும். சனி, ஞாயிறு கூட்ட நாட்கள். ஹால் வெல் என்ற ஊற்றின் முன்னால் ஆள் தலைதான் தெரியும்.

திங்களுக்குப் பிறகு போவதென்றால் வானிலையைப் பாருங்கள். மூடாக்காக, ஈரமாக இருந்த வாரம் என்றால் செவ்வாய்கூடப் பரவாயில்லை. வெயில் காய்ந்த வாரம் என்றால் வேண்டாம். ஏன் என்பது களிமண்ணில் இருக்கிறது. அது தெரியாமல் இந்தப் படங்களைப் பார்ப்பது, புள்ளி எது கோடு எது என்று தெரியாமல் கோலத்தைப் பார்ப்பது மாதிரி.

பலகையும் மண்ணும்

படத்துக்கு அடியில் இருப்பது சில சென்டிமீட்டர் ஆழமுள்ள மரத்தட்டு. உட்புறம் முழுக்க ஆணி அடித்து, தலைகளை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்படி விட்டிருப்பார்கள். மண்ணைப் பிடித்துக்கொள்ளும் பல் அதுதான். இந்தப் பலகையை வேலைக்குச் சில நாள் முன்பே குளத்திலோ ஓடையிலோ அமிழ்த்திக் கல்லேற்றி வைப்பார்கள். காய்ந்த மரம் மண்ணின் ஈரத்தைக் குடித்துவிடும். குடித்தால் மண் சுருங்கும். சுருங்கினால் முதலில் ஓரத்தில் விரல் நுழையும் அளவு இடைவெளி, அப்புறம் நடுவில் வெடிப்பு. படத்தின் முகத்துக்குக் குறுக்கே கோடு ஓடியிருந்தால், மரம் போதுமான அளவு ஊறவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

மண்ணைக் கல், வேர் இல்லாமல் பொறுக்கி, தண்ணீரும் உப்பும் சேர்த்து மிதிப்பார்கள். பட்லிங் என்பது ஊர்ச்சொல். பழைய வழக்கப்படி காலால்தான். உப்பு எதற்கு? ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், மண் காய்வது தள்ளிப்போகும். பதம்தான் முக்கியம். கையில் எடுத்தால் ஒட்ட வேண்டும், கவிழ்த்தால் வழியக் கூடாது. அல்வாவைவிட இறுகல், சப்பாத்தி மாவைவிட இளகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒரு கை கூடினால், படுக்க வைத்துச் செய்யும்போது எதுவும் தெரியாது. நிமிர்த்தி நிறுத்திய பிறகு, எடை தாங்காமல் மேல்பாதி மெல்லக் கீழே சரியும். ஒரு கை குறைந்தால் இதழ் ஒட்டாது, அழுத்தினால் கிழியும்.

இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கனத்துக்கு மண்ணைப் பூசி, கரண்டியால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். காற்றுக் குமிழ் இருந்தால் அங்கே மேல்தோல் சீக்கிரம் காய்ந்து உதிரும். எடையைச் சற்று யோசித்துப் பாருங்கள். 2.4 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம், 2.5 சென்டிமீட்டர் கனம் என்று கணக்குப் போட்டால் மண் மட்டும் 135 கிலோவைத் தாண்டும். ஊறிய மரத்தின் பாரம் தனி. அதனால்தான் பெரிய படங்களைத் துண்டு துண்டான பலகைகளில் செய்து, ஊற்றடியில் பொருத்துகிறார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் இணைப்புக் கோடு தெரியும். நல்ல குழு அந்தக் கோட்டை ஒரு தூணின் விளிம்பிலோ மேகத்தின் ஓரத்திலோ ஒளித்துவிடும். எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று தேடுவது ஒரு நல்ல விளையாட்டு.

இதழ் வைப்பது

முழு அளவில் தாளில் வரைந்த படத்தை ஈர மண்மேல் விரித்து, கோட்டின்மேல் ஊசியாலோ பல்சக்கரத்தாலோ குத்திக்கொண்டே போவார்கள். தாளை எடுத்ததும் மண்ணில் புள்ளிவரிசை நிற்கும். ஊற விட்ட தாளை அவசரப்பட்டு இழுத்தால் மண்ணின் மேல்தோலும் கூடவே வரும்.

அடுத்து கறுப்புக் கோடு. ஆல்டர் என்ற நீரோர மரத்தின் சிறு கூம்புகளை ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் புள்ளிமேல் அழுத்திப் பதிப்பார்கள். டெர்பிஷைர்க்காரர்கள் அவற்றை பிளாக் நாப்ஸ் என்பார்கள். காப்பிக்கொட்டை, மிளகு, அவரை விதை ஆகியவற்றையும் வேறு ஊர்களில் பார்க்கலாம். இந்தக் கோடு இரண்டு வேலை செய்கிறது. தூரத்திலிருந்து படத்தை எடுப்பாகக் காட்டுகிறது. ஒரு நிறத்தின் இதழ் அடுத்த நிறத்துக்குள் சாயாமல் வரப்பு மாதிரி தடுக்கிறது.

பிறகு நிரப்புவது. வரிசையை மாற்ற முடியாது. வாடாதவை முதலில், வாடுபவை கடைசியில். விதை, மரப்பட்டை, கல்மேல் படரும் சாம்பல்நிற லைக்கன், பாசி எல்லாம் முதல் நாள். இலைகள் அடுத்து. இதழ் கடைசி நாள், கடைசி இரவு. வேலை மொத்தம் சுமார் மூன்று நாள்தான், அதற்குமேல் போனால் முதலில் வைத்தது பழசாகிவிடும். திறப்பு வியாழன் காலை என்பதால் புதன் இரவு யாரும் சரியாகத் தூங்குவதில்லை.

இதழ் வைக்கும் விதி ஒன்றே ஒன்று: கீழிருந்து மேலே. ஓடு வேய்வது போல, மேல் இதழின் நுனி கீழ் இதழின் அடிமேல் படிய வேண்டும். மழை பெய்தால் நீர் நுனியிலிருந்து நுனிக்குத் தாவி வழிந்துவிடும். தலைகீழாக, மேலிருந்து கீழே வைத்தால் ஒவ்வோர் இதழும் ஒரு சின்னக் கிண்ணமாகி நீரைப் பிடித்து மண்ணுக்குள் விடும். மறுநாளே அந்த இடம் ஊறி உப்பி நழுவும். டெர்பிஷைரின் மே மாதத்தில் மழை வராது என்று யாரும் பந்தயம் கட்ட மாட்டார்கள்.

எத்தனை இதழ்? மேலே தெரியும் பகுதி ஒன்றரை சென்டிமீட்டர் சதுரம் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 4,400க்கு மேல். பத்துப் பேர் மேசையைச் சுற்றி நின்று, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே இருக்கும் வேலை. இப்படி இதழ் பதிப்பதற்குப் பெட்டலிங் என்று பெயர். அந்தச் சொல்லில் ஏதோ மென்மையான பொழுதுபோக்கு போலத் தொனிக்கிறது. உண்மையில் அது முதுகு ஒடியும் வேலை.

இனி நிறங்கள். வாரம் முழுக்க நிலைத்து நிற்பது ஹைட்ரேஞ்சியா. நீல வானம் பெரும்பாலும் அதில்தான். சிவப்பு டியூலிப் முதல் நாள் அள்ளும், நான்காம் நாள் கருநீலம் கலந்து மங்கும். வெள்ளை இதழ்தான் மோசம். ஓரம் பழுப்பேறி, தேவதையின் அங்கி தேநீர் சிந்தின துணியாகிவிடும். அனுபவமுள்ள குழுக்கள் வெள்ளையைச் சிறு இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும். மஞ்சள் ஓரளவு தாங்கும். மனித முகம்தான் பரீட்சை. தோலின் நிறத்துக்கு நேரான பூ கிடையாது. வெளிறிய ஹைட்ரேஞ்சியா, விதை, காய்ந்த இலையின் அடிப்பக்கம் என்று கலந்து ஒப்பேற்ற வேண்டும். ஒரு பலகையின் தரத்தை ஒரே பார்வையில் எடைபோட வேண்டுமென்றால் முகத்தையும், அதற்குள் மூக்கின் நிழலையும் பாருங்கள்.

சிட்டுக்குருவிகளும் இந்த விழாவுக்கு வரும். சோளம், விதை வைத்த இடங்கள் காலையில் குழியாகக் கிடக்கலாம். அதைக் கண்டு "அரைகுறை வேலை" என்று எழுதிவிட வேண்டாம்.

ஆறு ஊற்றுகள்

சுற்றி வர அதிக நேரம் ஆகாது. ஊர் சின்னது. ஆனால் ஒவ்வொன்றிலும் கால்மணி நேரம் நில்லுங்கள், முதலில் பத்தடி தள்ளி, பிறகு தடுப்புக் கயிற்றுக்கு அருகில்.

ஹால் வெல் மாளிகைக்கு எதிரே, கல் வளைவுக்குள். ஆறிலும் கம்பீரம் இதுதான். அதனாலேயே புகைப்படம் எடுப்பவர்களின் நெரிசலும் இங்கேதான். மாளிகை ஃபிட்ஸ்ஹெர்பர்ட் குடும்பத்தினுடையது. ஊரின் நிலமும் வீடுகளும் தலைமுறை தலைமுறையாக அவர்களின் எஸ்டேட்டைச் சேர்ந்தவை. ஊர் இப்படி ஒரே மாதிரிச் சீராக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காஃபின் வெல்லின் தொட்டி சவப்பெட்டி வடிவத்தில் இருக்கும், பெயருக்கு வேறு மர்மம் தேட வேண்டாம். ஹாண்ட்ஸ் வெல்லின் பெயர் கையைக் குறிப்பதல்ல, பக்கத்தில் வாழ்ந்த ஹாண்ட் என்ற குடும்பத்தின் பெயர். டவுன் வெல், யூ மரத்தடியில் உள்ள யூ ட்ரீ வெல் இரண்டும் கூட்டம் குறைவான இடங்கள். நிதானமாக இதழ் அடுக்கைப் பார்க்க இவையே வசதி.

சில்ட்ரன்ஸ் வெல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிள்ளைகள் செய்வது. கோடு கோணும், இதழ் தலைகீழாகவும் இருக்கும், ஆனால் அடுத்த தலைமுறை விரலால் மண்ணின் பதம் பார்த்துப் பழகுவது இங்கேதான். எழுதி வைத்துக் கற்கும் கலை இல்லை இது.

படங்கள் பெரும்பாலும் விவிலியக் காட்சிகள். அரச விழாவோ நூற்றாண்டு நினைவோ வரும் வருடத்தில் ஒரு பலகை அதற்குப் போகும். எந்தப் பொருளால் செய்தது என்று பலகைக்கு அருகில் நிற்கும் ஊராரைக் கேளுங்கள். சலிக்காமல் சொல்வார்கள். "என்ன அழகு!" என்பதைவிட "அந்தப் பழுப்பு என்ன விதை?" என்று கேட்டால் அவர்கள் முகம் மலரும்.

1349 என்ற எண்

கொள்ளைநோய் 1348, 49இல் இங்கிலாந்தை வாரிக்கொண்டு போனபோது டிஸ்ஸிங்டன் தப்பியது, ஊற்று நீர் தூய்மையாக இருந்ததே காரணம், அதற்கு நன்றியாகத்தான் அலங்காரம் என்பது எங்கும் சொல்லப்படும் கதை. 1615இன் கடும் வறட்சியிலும் இந்த ஊற்றுகள் வற்றவில்லை, அக்கம்பக்கத்து ஊர்களெல்லாம் இங்கே வந்து நீர் மொண்டன என்பது இன்னொரு கதை. இரண்டில் வறட்சிக் கதைதான் நம்பும்படி இருக்கிறது. கொள்ளைநோய் தண்ணீரால் பரவும் நோய் அல்ல. தூய நீர் குடித்ததால் அதிலிருந்து தப்பினார்கள் என்பது சரியாகப் பொருந்தவில்லை.

எழுத்தில் கிடைக்கும் உறுதியான சான்று 1758இல் வந்த ஒரு பயணியின் குறிப்பு. அவர் கண்டதும் ஊற்றுகளில் தொங்கிய பூமாலைகள், பூவிதழ் ஓவியம் அல்ல. மண்ணில் இதழ் பதிக்கும் முறை 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஆகவே "அறுநூறு வருடமாக மாறாத கலை" என்று சொல்லும் வழிகாட்டிகளைப் பாதி விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். இருநூறு வருடம் என்பதே குறைந்த பெருமை இல்லையே.

போய்ச் சேருவது

காரில் வந்தால் ஆஷ்போர்ன், பக்ஸ்டன் இடையேயான ஏ515 சாலையில் திரும்பினால் எலுமிச்சை மணம் இல்லாத லைம் மரங்களின் நீண்ட சாலை ஊருக்குள் கொண்டுவந்து விடும். (லைம் என்றதும் எலுமிச்சையை நினைத்துவிடுகிறோம். இது வேறு மரம்.) ஊருக்குள் தெரு குறுகல். விழா வாரத்தில் வண்டிகளை வயலுக்குத் திருப்பிவிடுவார்கள், கட்டணம் உண்டு. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மழை பெய்த மறுநாள் அந்த வயல் உழுத நிலமாகியிருக்கும். சரிவில் மேல்பக்கமாக நிறுத்தினால் வெளியே எடுப்பது சுலபம். வெள்ளைச் செருப்பு வேண்டாம்.

ரயிலில் நேரே வர முடியாது. ஆஷ்போர்னில் ரயில் நிலையமே இல்லை. டெர்பியில் இறங்கி ஆஷ்போர்னுக்குப் பேருந்து பிடிக்கலாம். அங்கிருந்து நடப்பதுதான் எங்கள் பரிந்துரை. 1899இல் திறந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மூடிப்போன ரயில் பாதையைத் தண்டவாளம் எடுத்துவிட்டு நடைபாதையாக்கி வைத்திருக்கிறார்கள். டிஸ்ஸிங்டன் டிரெயில் என்று பெயர், மொத்தம் 13 மைல். ஆஷ்போர்ன் முனையில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியேறி, சுமார் நான்கு மைல் நடந்தால் பழைய டிஸ்ஸிங்டன் ரயில் நிலையம் இருந்த இடம் வரும், ஊர் பக்கத்தில்தான். ரயில் ஏறின சரிவு என்பதால் மூச்சு வாங்காது, ஆனால் போகும்போது லேசான ஏற்றம்தான் அதிகம். ஒன்றரை, இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆஷ்போர்னில் வாடகை சைக்கிளும் கிடைக்கும். தள்ளுவண்டிக் குழந்தையோடும் இந்தப் பாதையில் போகலாம்.

தேநீரும் ஸ்கோனும் ஊரிலேயே கிடைக்கும். விழா வாரத்து மதியத்தில் வரிசை நீளம். பதினொரு மணிக்கு முன்னால் குடித்துவிடுங்கள், இல்லையென்றால் ஆஷ்போர்ன் திரும்பி அந்த ஊரின் இஞ்சி பிஸ்கட்டோடு குடியுங்கள். சாப்பாட்டைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

படம் எடுப்பவர்களுக்கு: மூடாக்கு வானமே நல்லது. வெயிலில் ஈர இதழ் வெள்ளையாகப் பளிச்சிட்டு நிறத்தைத் தின்றுவிடும். நேர் எதிரே நின்று எடுத்தால் ஓவியம் கிடைக்கும். பக்கவாட்டில் சாய்ந்து எடுத்தால்தான் இதழ் ஓடு வேய்ந்திருப்பது தெரியும். இரண்டும் எடுங்கள். தொட வேண்டாம். ஒரு விரல் பட்டால் ஓர் இதழ் மட்டும் வராது, அதற்குமேல் சார்ந்திருக்கும் ஐந்தாறும் கூடவே உதிரும்.

மற்ற ஊர்களோடு வைத்துப் பார்த்தால்

டெர்பிஷைரில் மே முதல் செப்டம்பர்வரை ஏதாவது ஓர் ஊரில் கிணற்று அலங்காரம் இருந்துகொண்டே இருக்கும். டிஸ்ஸிங்டனைத் தவறவிட்டால் வருடம் போச்சு என்று நினைக்க வேண்டியதில்லை. யூல்கிரேவில் ஜூன் மாதம். அங்கே அலங்கரிப்பது ஊற்றை அல்ல, ஊருக்குக் குழாய் நீர் வந்த இடங்களை. 1829இல் நீர் வந்த நன்றி அது. நுணுக்கத்தில் யூல்கிரேவ் பலகைகள் டிஸ்ஸிங்டனுக்குச் சளைத்தவை அல்ல, சில வருடம் ஒரு படி மேலே. வர்க்ஸ்வொர்த்திலும் இதே குழாய் நீர் கதைதான், 1827இல் இருந்து. பார்லோவில் இதழைப் பிய்க்காமல் முழுப் பூவாகவே பதிப்பார்கள். கோட்டு நுணுக்கம் குறையும், கம்பளம் விரித்தது போல் தடிமனான நிறம் கிடைக்கும். கொள்ளைநோயைத் தேடிப் போகிறவர்களுக்கு உண்மையான ஊர் ஈம்தான். 1665, 66இல் ஊரே தன்னைத்தானே அடைத்துக்கொண்டு, பலரைப் பறிகொடுத்த இடம். அங்கே அலங்காரம் கோடை முடிவில், பழக்கம் 20ஆம் நூற்றாண்டில் தொடங்கியது.

டிஸ்ஸிங்டனின் பலம் ஒன்றுதான்: ஊற்று, கல் தொட்டி, மரம், தெரு எல்லாம் அப்படியே இருக்கின்றன. படம் சுவரில் மாட்டியது போல இல்லாமல், தண்ணீர் வழியும் இடத்திலேயே நிற்கிறது. யூல்கிரேவில் கைத்திறனுக்காகப் போகலாம், டிஸ்ஸிங்டனுக்கு இடத்துக்காகப் போக வேண்டும். ஒரே ஒரு முறைதான் என்றால் எங்கள் வாக்கு டிஸ்ஸிங்டனுக்கு, ஆனால் வார நாளில்.

வீட்டில் செய்து பார்க்க

பார்த்துவிட்டு வந்ததும் கை அரிக்கும். பள்ளிக்கூடத்துக்கோ தெரு விழாவுக்கோ சின்னதாகச் செய்ய 45க்கு 60 சென்டிமீட்டர் பலகை போதும். சுற்றிலும் 3 சென்டிமீட்டர் உயரச் சட்டம் அடியுங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு ஓர் ஆணி, தலை ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்க, மொத்தம் சுமார் நூறு ஆணி. துருப்பிடிக்காத ஆணி நல்லது. மூன்று நாள் தண்ணீரில் ஊற வையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குச் சுமார் 10 கிலோ களிமண் வேண்டும். கைவினைக் கடையில் விற்கும் காற்றில் தானாக இறுகும் மண் வேண்டாம், அது மறுநாளே கல்லாகிவிடும். குயவர் பயன்படுத்தும் சாதாரண மண்ணே சரி. ஒரு கைப்பிடி உப்பு சேருங்கள். வேலையை நடுவில் நிறுத்தினால் ஈரத்துணி போட்டு மூடுங்கள். முடிந்ததும் உடனே நிமிர்த்தாமல், முதல் ஒரு மணி நேரம் சுவரில் நன்றாகச் சாய்த்து வைத்து, சரிகிறதா என்று பார்த்துவிட்டு நிமிர்த்துங்கள். தினமும் காலை, மாலை மெல்லிய நீர்த்தூவல். குழாயைப் பிடித்துப் பீய்ச்சினால் இதழ் கழன்றுவிடும். நிழலில் வைத்தால் ஐந்தாறு நாள் நிற்கும். முதல் முயற்சியில் முகம் வேண்டாம். மீன், மரம், சூரியன் போதும்.

குறைகள்

வார இறுதியில் ஊரின் கொள்ளளவுக்கு மீறிய கூட்டம். கழிப்பறைக்கும் வரிசை. நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு ஊரின் மேடு பள்ளம் கொஞ்சம் சோதனைதான், ஊற்றடிகளில் தரை ஈரமாக வழுக்கும், கைத்தடி இருந்தால் எடுத்துப் போங்கள். வானிலை கெட்ட வருடத்தில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 2020இல் கொரோனா ஊரடங்கால் வழக்கமான விழாவே நடக்கவில்லை. இன்னொன்று, எந்த நாளில் வந்தாலும் ஒரே அனுபவம்தான் என்பது போல விளம்பரத் தாள்களில் "ஒரு வாரம்" என்று அச்சிடுகிறார்கள். இல்லை. முதல் மூன்று நாளும் கடைசி மூன்று நாளும் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள்.

அடுத்த வருடங்களைத் திட்டமிடுகிறவர்களுக்கு: 2027இல் விண்ணேற்றத் திருநாள் மே 6. குளிர் விடாத நேரம், தோட்டத்தில் பூ குறைவு. அந்த மாதிரி வருடங்களில் பாசி, லைக்கன், இலை, விதைதான் படத்தை அதிகம் சுமக்கும், நிறம் அடங்கி நுணுக்கம் கூடும். 2028இல் மே 25. டியூலிப் முடிந்திருக்கும், பட்டர்கப் மஞ்சளும் தோட்டத்து இளஞ்சிவப்பும் வந்திருக்கும். நிறம் வேண்டுமென்றால் 2028. கைவேலை வேண்டுமென்றால் 2027, கம்பளிச் சட்டையோடு.